மாண்டும் மீண்ட புகையிரத அணி

2011ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7ஆந் தேதி மாலை. ருஷ்ய நாட்டின் ஊபா நகரத்திலே, அவ்வருடத்துப் பனிக்கட்டி ஹொக்கிப் பருவத்தின் முதலாவது ஆட்டம் நடைபெற்றுக்கொண்டிருந்தது. இரண்டாம் பகுதியின் நடுவே விளையாட்டுச் சட்டென நிறுத்தப்பட்டது. லீக்கின் தலைவர் கூடியிருந்த ரசிகர்களுக்குத் துயரச் செய்தியொன்றை அறிவித்தார். அதன்பின் அன்று ஆட்டம் தொடரவில்லை.

செய்தி இதுதான்: ஊபாவுக்கு வெகு தொலைவில், வொல்கா நதிக்கரையிலுள்ள யரொஸ்லாவ்ல் நகரத்தில், 'லொக்கொமோட்டிவ்' என்னும் கழகத்தின் ஹொக்கி அணியை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ஆகாய விமானம், நிலத்தைவிட்டு எழுந்த சில விநாடிகளிலே விழுந்து நொறுங்கிற்று. மறுநாள் தன் முதலாட்டத்தை ஆட வேண்டியிருந்த அணி அது.

போர்க்களத்திலே ஒரு படை அழியலாம்; புயலிலே ஒரு கப்பல் மூழ்கலாம். ஆனால், ஒரு நகரம் தன் பிள்ளைகளாகவே எண்ணிப் போற்றிய ஒரு விளையாட்டு அணி, பயிற்றுநரோடும் வைத்தியரோடும் ஒரே கணத்தில் மறைந்துவிட்டால், அதன் பின்னர் அக்கழகம் உயிரோடிருக்கிறது என்று சொல்ல முடியுமா? இக்கேள்விக்கு யரொஸ்லாவ்ல் மக்கள் அளித்த விடையே இக்கட்டுரையின் பொருள்.

ஆயிரம் ஆண்டு கண்ட நகரம்

யரொஸ்லாவ்ல், மொஸ்கோவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. அறிஞன் எனப் பெயர்பெற்ற யரொஸ்லாவ் என்னும் இளவரசன் அமைத்த நகரம் என்பது மரபு. 2010ஆம் ஆண்டில் அது தன் ஆயிரமாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடியது. தோளில் கோடரி சுமந்த கரடியொன்று அதன் இலச்சினை. பழைய தேவாலயங்கள் நிறைந்த அந்நகரம் தொழிலாளரின் நகரமுமாகும். பார வாகனங்களுக்கான டீசல் இயந்திரங்களைச் செய்யும் பெருந்தொழிற்சாலை அங்கே உண்டு. ருஷ்யாவின் வடக்குப் புகையிரதப் பகுதியின் தலைமையகமும் அங்கேயே இருக்கிறது.

இவ்விரண்டு தொழில்களுமே கழகத்தின் வரலாற்றிலும் பின்னிக்கிடக்கின்றன. 1959ஆம் ஆண்டில் இயந்திரத் தொழிற்சாலையின் அணியாக அது பிறந்தது. இடையிலே பெயர்கள் சில மாறி, 1965ஆம் ஆண்டு முதல் 'டோர்ப்பிடோ' என்று வழங்கிற்று. புகையிரதத் துறை அதனை ஆதரிக்கத் தொடங்கிய பின்னர், 2000ஆம் ஆண்டில் 'லொக்கொமோட்டிவ்', அதாவது புகையிரத இஞ்சின், என்ற பெயரைப் பெற்றது.

சோவியத் காலத்தில் ஹொக்கியின் பெருமையெல்லாம் பெரும்பாலும் மொஸ்கோ நகரத்துக் கழகங்களுக்கே உரியதாயிருந்தது. இராணுவத்தின் கழகமும் ஏனைய பெருங்கழகங்களும் வெளியூர்களிலிருந்து திறமையுள்ள இளைஞர்களை ஈர்த்துக்கொண்டன. யரொஸ்லாவ்ல் போன்ற நகரங்களுக்கு எஞ்சியிருந்த வழி ஒன்றுதான்: தம் சிறுவர்களைத் தாமே பயிற்றுவித்தல். கழகத்தின் ஹொக்கிப் பாடசாலையில் பயின்ற பிள்ளைகள் நாளடைவில் அதன் முதுகெலும்பாயினர். 1997ஆம் ஆண்டில், பியோத்தர் வொரொபியொவ் என்னும் பயிற்றுநரின் கீழ், அக்கழகம் முதன்முறையாக ருஷ்யச் சம்பியன் பட்டத்தை வென்றது. செக் நாட்டவரான விளாடிமிர் வூயிட்டெக் பயிற்றுவித்த காலத்தில், 2002, 2003ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து இருமுறை அப்பட்டம் மீண்டும் கிடைத்தது. அதற்கு ஓர் ஆண்டுக்கு முன்னரே, ஏறத்தாழ 9,000 பேர் இருந்து பார்க்கத்தக்க 'அரேனா-2000' என்னும் புதிய அரங்கும் திறக்கப்பட்டிருந்தது.

பனித்தரை ஆட்டம்

புற்றரையில் ஆடும் ஹொக்கியை நம்மவர் அறிவர். பனித்தரை ஹொக்கி வேறு வகையானது. ஏறத்தாழ 60 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமுங்கொண்ட பனிக்கட்டித் தரையிலே, கோல் காப்பாளர் உட்பட ஒரு பக்கத்துக்கு அறுவராக ஆடுவர். பந்துக்குப் பதிலாகக் கெட்டியான இறப்பர் வட்டொன்றை மட்டையால் அடிப்பர். இரும்பு அலகு பொருத்திய சப்பாத்துடன் சறுக்கிச் செல்லும் வீரரின் வேகம் மிகக் கடிது. ஆகையால், ஒரு முறை களத்தில் இறங்கியவர் ஒரு நிமிடத்துக்கு மேல் நிலைத்து ஆடுவது அரிது. ஆட்டம் நிற்காமலே ஒரு தொகுதியினர் வெளியேற மற்றொரு தொகுதியினர் உள்ளே பாய்வர். இருபது நிமிடங் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். இவ்விளையாட்டில் சிறந்த வீரர் ஒருவர் இருவரால் மட்டும் அணி வெல்வதில்லை. இருபதுக்கு மேற்பட்டவர்கள் ஒருவரையொருவர் அறிந்து, ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பியாக வேண்டும். அத்தகைய அணியை ஒரு நாளில் அமைக்க முடியாது.

2008ஆம் ஆண்டிலே, ருஷ்யாவையும் அயல்நாடுகள் சிலவற்றையுஞ் சேர்ந்த கழகங்கள் ஆடும் 'கொண்டினெண்டல் ஹொக்கி லீக்' தொடங்கப்பெற்றது. அதன் வெற்றிக் கிண்ணத்துக்கு முதல் விண்வெளி வீரர் யூரி ககாரின் பெயர் சூட்டப்பட்டது. விண்ணிலிருந்து மீண்ட அதே வருடம், 1961 டிசெம்பரில், நம் இலங்கைக்கும் வந்து சென்றவர் அவர். 2009ஆம் ஆண்டு நடந்த முதலாவது ககாரின் கிண்ணத்தின் இறுதிப் போட்டியில் லொக்கொமோட்டிவ் அணியும் கசான் நகரத்து அணியும் மோதின. ஏழு ஆட்டங்கொண்ட அத்தொடரில் இரு பக்கமும் மும்மூன்று வென்று சமநிலை அடைந்தன. ஏழாம் ஆட்டத்திலே விழுந்த ஒரேயொரு கோல் கசானுக்குக் கிண்ணத்தைக் கொடுத்தது. கைக்கெட்டியது கைவிட்டுப் போயிற்று. 'அடுத்த முறை' என்று யரொஸ்லாவ்ல் காத்திருந்தது.

விமானத்தில் ஏறியவர்கள்

2011ஆம் ஆண்டுப் பருவத்துக்கு வலிமை மிக்க அணியொன்று திரட்டப்பட்டிருந்தது. பயிற்றுநராக வந்தவர் கனடா நாட்டவரான பிராட் மக்கிரிமன். வட அமெரிக்க மண்ணிலே பதினெட்டுப் பருவங்கள் ஆடி, ஸ்டான்லி கிண்ணத்தையும் வென்றவர். தலைமைப் பயிற்றுநர் என்ற பொறுப்பில் ருஷ்யாவில் அவர் ஆட்டுவிக்கவிருந்த முதலாவது பருவம் அது.

பல நாட்டவர் அவ்வணியில் இருந்தனர். சுலோவாக்கியாவின் அணித் தலைவராயிருந்த பவொல் டெமித்ரா, 2010ஆம் ஆண்டு வன்கூவர் ஒலிம்பிக்கில் எல்லாரினும் மிகுதியான புள்ளிகளைப் பெற்றவர். சுவீடனின் கோல் காப்பாளர் ஸ்டெபான் லீவ், 2006ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற அணியைச் சேர்ந்தவர். செக் நாட்டிலிருந்து மூவரும், லத்வியாவிலிருந்து ஒருவரும், ஜெர்மனியிலிருந்து ஒருவரும் வந்திருந்தனர். பெலருஸ் நாட்டவரான ருஸ்லான் சலெய் மின்ஸ்க் நகரத்திலே பிறந்தவர். அணியின் முதலாட்டம் அந்த மின்ஸ்க் நகரத்திலேயே நடக்கவிருந்தது. தான் பிறந்த ஊரிலே புதிய அணிக்காக ஆடுவதற்கு அவர் புறப்பட்டார்.

உள்ளூர்ப் பிள்ளைகளும் பலர். யூரி உரிச்செவ், டானில் சொப்சென்கோ என்னும் இருவருக்கும் வயது இருபது. அவ்வாண்டு ஜனவரியில், அமெரிக்காவின் பபலோ நகரில் நடந்த இளைஞர் உலகச் சம்பியன் போட்டியின் இறுதியாட்டத்தில், மூன்று கோல்கள் பின்தங்கியிருந்தும் கனடாவை வென்ற ருஷ்ய அணியில் ஆடியவர்கள். உரிச்செவ் அச்சமயம் ஆட இயலாத நிலையில் இருந்தார். ஆயினும், தோழர்களுக்கு உற்சாகமூட்டுவதற்காக உடன் சென்றார்.

அணித் தலைவரான இவான் த்கச்சென்கோவும் யரொஸ்லாவ்ல் நகரத்து மைந்தரே. அவர் மறைந்த பின்னரே ஒரு செய்தி வெளியாயிற்று. நோயுற்ற குழந்தைகளின் சிகிச்சைக்காகப் பல ஆண்டுகளாக, தம் பெயரை வெளியிடாமல், அவர் பெருந்தொகைப் பணம் அனுப்பி வந்திருக்கிறார். கடைசியாக ஒரு சிறுமிக்காக ஐந்து இலட்சம் ரூபிள் அனுப்பியது, அந்த விமானப் பயணத்துக்குப் புறப்பட்ட அதே நாளில்.

பிரேக்கின் மேலிருந்த கால்

பிற்பகல் நான்கு மணியளவில், துனோஷ்னா விமான நிலையத்திலிருந்து யக்-42 ரக விமானம் புறப்பட்டது. வானம் தெளிவாயிருந்தது. ஓடுபாதையின் நீளம் மூன்று கிலோமீற்றர். எழுவதற்கு அது தாராளமாகப் போதும். ஆனால் விமானம் எழவில்லை. பாதையின் முடிவைக் கடந்து புல்நிலத்திலும் ஏறத்தாழ 400 மீற்றர் ஓடிய பின்னரே மேலெழுந்தது. ஐந்தாறு மீற்றர் உயரத்துக்கு மேல் ஏற அதனால் இயலவில்லை. வழிகாட்டும் வானொலிக் கருவியின் கம்பத்தில் மோதி, நதிக்கரையிலே விழுந்து தீப்பற்றியது.

விமானத்தில் இருந்தவர்கள் பயணிகள் 37 பேரும் பணியாளர் எண்மருமாக 45 பேர். அவர்களுள் 44 பேர் உயிரிழந்தனர். விமானப் பொறியியலாளர் ஒருவரே தப்பினார். உள்ளூர் வீரரான அலெக்சாந்தர் கலீமொவ் கடுந் தீக்காயங்களுடன் மீட்கப்பட்டார். தொடக்கம் முதல் வேறு கழகத்துக்குச் செல்லாமல் லொக்கொமோட்டிவ் அணிக்கே ஆடியவர் அவர். ஐந்து நாட்கள் மொஸ்கோ வைத்தியசாலையில் உயிருக்குப் போராடினார். 'அவராவது பிழைக்கட்டும்' என்று நகரமே பிரார்த்தித்தது. செப்டெம்பர் 12ஆந் தேதி அவரும் காலமானார்.

விபத்துக்குக் காரணம் யாது? விசாரணைக் குழு இரண்டு மாதங்களுள் விடை கண்டது. விமானத்தில் பழுதொன்றும் இருக்கவில்லை. விமானம் வேகமெடுக்கும்போது விமானியின் காலொன்று பிரேக் மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் இயந்திரங்கள் முன்னே தள்ள, மறுபக்கம் பிரேக் பின்னே இழுத்தது. விமானிகள் இருவரும் சிறியதான யக்-40 ரக விமானத்தில் பழகியவர்கள். அதில் கால் வைக்கும் முறை வேறு. புதிய ரகத்துக்குரிய பயிற்சி முறைப்படி நிறைவேறவில்லை. துணை விமானியின் பயிற்சிப் பத்திரங்களிற் பொய்யும் கலந்திருந்தது. அவரது உடலிலே, விமானிகளுக்கு விலக்கப்பட்ட, உணர்வை மந்தப்படுத்தும் மருந்தும் காணப்பட்டது.

ஒரு கையொப்பம் பொய்யாக இடப்படும்போது அதனால் என்ன கேடு விளையும் என்று இட்டவருக்குத் தோன்றியிராது. காகிதம் தானே என்று எண்ணியிருப்பார். அந்தக் காகிதத்தின் விலை 44 உயிர்கள்.

இரவல் அணி வேண்டாம்

மூன்றாம் நாள், செப்டெம்பர் 10ஆந் தேதி, அரேனா-2000 அரங்கில் இறுதி மரியாதை நடந்தது. வெற்றி ஆரவாரம் கேட்ட அவ்வரங்கிலே சவப்பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பல்லாயிரக்கணக்கான மக்கள் மழையென்றும் பாராமல் நெடுநேரம் வரிசையில் நின்று மலர் சாத்தினர்.

லீக்கின் நிர்வாகத்தினர் நல்லெண்ணத்துடன் ஒரு திட்டத்தை முன்வைத்திருந்தனர். ஏனைய கழகங்கள் தத்தம் வீரருள் சிலரை விட்டுக்கொடுக்கும். அவர்களைக் கொண்டு புதிய அணியொன்றை அமைத்து அவ்வருடமே லொக்கொமோட்டிவ் ஆடலாம். தாமாக முன்வந்த வீரர்களும் பலர். ஆனால், கழகத்தின் தலைவர் யூரி யாக்கொவ்லெவ் அதை ஏற்கவில்லை. அவ்வாண்டு உயர் லீக்கில் ஆடுவதில்லை என்று கழகம் அறிவித்தது.

இம்முடிவின் சிறப்பை உணர, ருஷ்யாவின் பழைய கதை ஒன்றை நினைவு கூரல் வேண்டும். 1950ஆம் ஆண்டு ஜனவரியில், மொஸ்கோ வான்படைக் கழகத்தின் ஹொக்கி அணி சென்ற விமானம் சுவெர்டுலொவ்ஸ்க் நகரருகே விழுந்து, பதினொரு வீரர் உட்பட 19 பேர் மாண்டனர். ஸ்டாலினின் மகன் வசிலி அக்கழகத்தின் புரவலர். அச்செய்தி பொதுமக்களுக்கு அறிவிக்கப்படவில்லை. வேறு வீரர்கள் அதே சீருடையில் களமிறக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு முதல் மூன்று வருடங்கள் தொடர்ந்து அக்கழகம் சம்பியன் ஆயிற்று. வெற்றி கிடைத்தது, ஆனால், மாண்டவர்களுக்காக வெளிப்படையாக அழுவதற்குக்கூட மக்களுக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை.

யரொஸ்லாவ்ல் வேறு வழியைத் தேர்ந்தது. முதலில் அழுதது. பிறகு, தன் பாடசாலையை நோக்கித் திரும்பியது.

சிறுவர்கள் எடுத்த பொறுப்பு

விமானத்தில் ஏறாதிருந்தவர்கள் சிலர் உண்டு. மக்சிம் சியுசியாக்கின் என்னும் இளம் வீரர், இளைஞர் அணிக்கு ஆடுவதற்காக ஊரிலே நிறுத்தப்பட்டிருந்தார். பின்லாந்து நாட்டவரான கோல் காப்பாளர் பயிற்றுநர் ஜோர்மா வால்டொனன், இளைஞர் அணியின் காப்பாளர்களைப் பயிற்றுவதற்காகப் பின்தங்கினார். இளைஞர்களுக்குப் பாடஞ் சொல்ல நின்றவர்களே எஞ்சினார்கள் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

1997ஆம் ஆண்டில் முதற்பட்டம் பெற்றுக் கொடுத்த வொரொபியொவ், அறுபது வயதைக் கடந்த நிலையில், மீண்டும் அழைக்கப்பட்டார். அவர் முன் நின்றவர்கள் பெரும்பாலும் கழகத்தின் பாடசாலையிலிருந்து வந்த இளைஞர்கள். நேற்றுவரை தாம் அண்ணன்மாராக எண்ணி அண்ணாந்து பார்த்தவர்களின் சீருடையை இன்று தாமே அணிய வேண்டிய நிலை. 2011 டிசெம்பர் 12ஆந் தேதி, இரண்டாந்தர லீக்கிலே, அல்மெத்யெவ்ஸ்க் நகரத்து அணிக்கெதிராக லொக்கொமோட்டிவ் என்ற பெயர் மறுபடியும் பனித்தரையில் இறங்கியது. 5 கோல்களுக்கு 1 என்ற கணக்கில் அவ்விளைஞர்கள் வென்றனர்.

அடுத்த ஆண்டு, 2012இல், கழகம் உயர் லீக்குக்குத் திரும்பியது. 2014ஆம் ஆண்டில் மொஸ்கோ டினாமோ அணியையும், சென்ட் பீற்றர்ஸ்பேர்க் நகரத்து அணியையும் வெளியேற்றி மேற்குப் பிரிவின் இறுதிவரை முன்னேறியது. அதே வேளையில் பாடசாலையையும் அது மறக்கவில்லை. 'லோக்கோ' எனப்படும் அதன் இளைஞர் அணி, 2016, 2018, 2019ஆம் ஆண்டுகளில் இளைஞர் லீக்கின் கர்லாமொவ் கிண்ணத்தை வென்றது.

எனினும் ககாரின் கிண்ணம் எட்டாக்கனியாகவே இருந்தது. 2024ஆம் ஆண்டு, இகோர் நிகீத்தின் என்னும் பயிற்றுநரின் கீழ், பதினைந்து ஆண்டுகளின் பின் லொக்கொமோட்டிவ் மறுபடி இறுதிப் போட்டிக்கு வந்தது. மக்னித்தகோர்ஸ்க் அணியிடம் ஓர் ஆட்டத்தையேனும் வெல்லாமல், நான்குக்குப் பூச்சியம் என்று தோற்றது. அத்தகைய தோல்வி பல அணிகளைச் சிதறடித்துவிடும். இவ்வணியோ மறு வருடமே இறுதிப் போட்டிக்கு மீண்டது. 2025ஆம் ஆண்டு மே 21ஆந் தேதி, செல்யாபின்ஸ்க் நகரத்து டிராக்டர் அணியை 4 ஆட்டங்களுக்கு 1 என்ற கணக்கில் வென்று, ககாரின் கிண்ணத்தை முதன்முறையாக யரொஸ்லாவ்ல் நகரத்துக்கு உரியதாக்கிற்று. விபத்து நடந்து பதின்மூன்று ஆண்டுகளும் எட்டு மாதங்களும் அப்பொழுது கழிந்திருந்தன.

நினைவும் நெடும் பொறுமையும்

விளையாட்டு உலகம் இத்தகைய இடிகளை வேறெங்கும் கண்டதுண்டு. 1958ஆம் ஆண்டு மியூனிக் நகர விமான விபத்திலே மான்செஸ்டர் யுனைட்டெட் காற்பந்தாட்டக் கழகம் எட்டு வீரரை இழந்தது. பத்து ஆண்டுகளின் பின், 1968இல், ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. யரொஸ்லாவ்ல் அதனிலும் நீண்ட காலம் காத்திருந்தது.

செப்டெம்பர் 7ஆந் தேதியில் ஆட்டம் நடத்தாதிருப்பதை உயர் லீக் வழக்கமாக்கிக் கொண்டது. அந்நாளில் யரொஸ்லாவ்ல் மக்கள் வீரர்கள் துயிலும் இடுகாட்டுக்குச் சென்று மலர் வைக்கின்றனர். தந்தையரோடு வரும் சிறுவர்கள் கல்லிற் பொறித்த பெயர்களை எழுத்துக் கூட்டி வாசிக்கின்றனர். அவர்களுட் பலர் அந்த விபத்து நடந்தபொழுது பிறந்திராதவர்கள். மறுநாட் காலையில் அவர்களுள் சிலர் சறுக்குச் சப்பாத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அதே கழகத்தின் பாடசாலைக்குப் போவார்கள்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. விமானத்தில் ஏறிய அணி அழிந்தது. அதனை உருவாக்கிய பள்ளி அழியவில்லை. கிண்ணத்தை வாங்கியவர்கள் 2025ஆம் ஆண்டின் வீரர்கள். ஆயினும் அதற்கான முதல் அடியை வைத்தவர்கள், 2011ஆம் ஆண்டின் அந்த டிசெம்பர் மாலையில், பெரியவர்களின் சீருடையை அணிந்து பனித்தரையில் இறங்கிய பிள்ளைகளே.